தாமத முத்திரை

தக்கார் தபால் நிலையத்தில்
இரண்டாம் ஜன்னல் என்னுடையது.
வடக்கிலிருந்து வரும் சாக்குகளை நான்தான் அவிழ்ப்பேன்.
உப்பு வாடை அடித்தால் கெர்வெல்லா கொண்டுவந்தது,
அலைநுனியை ஒட்டித் தாழப் பறப்பவன் அவன் ஒருவன்தான்.

ஓதிலோன் கெர்வெல்லா.
துவார்னனே துறைமுகத்தில்
மத்தி மீன் டப்பாக்களுக்கு மூடி அடைத்தவள் பெற்ற பிள்ளை.
போரில் குண்டு சுமந்த அதே ரக விமானத்தில்
இப்போது வாரிசுச் சான்றிதழ், பித்தளைப் பொத்தான் மாதிரி,
மர்செய் வியாபாரியின் வசவு,
யாரோ யாருக்கோ அனுப்பிய முத்தம்.

காசாபிளாங்காவில் ஏறுமுன் எல்லாவற்றையும் நிறுப்பார்கள்,
அவனையும் சேர்த்து.
ஒருமுறை காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு
அந்த எடைக்குக் கடிதம் ஏற்றிக்கொண்டான்.
கம்பளிக் காலுறையோடு என் முன்னால் நின்றான்:
"எங்கே கையெழுத்து, முசியே?"

இருபத்தாறாம் வருடம், நவம்பர்.
பொஜதோர் முனைக்குத் தெற்கே ரேடியேட்டர் வெடித்தது.
துணைக்கு வந்த விமானம் மூடுபனியில் தொலைந்தது.
ஈர மணலில் இறக்கினான்.
இரவு ஓதம் ஏறி
சாக்குகளை நனைத்துவிட்டுப் போனது.

மொழிபெயர்க்க உடன் வந்த எம்பாரெக்
சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும்.
கெர்வெல்லா கதை சொல்கிறவன் அல்ல.

விடிந்ததும் உறைகளை மணலில் பரப்பினானாம்.
ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல்.
அந்தக் கரையில் கல் போதவில்லை.
சிப்பி வைத்தான், எஞ்சின் திருகு வைத்தான்,
துப்பாக்கித் தோட்டா வைத்தான்,
தேநீர்க் கோப்பையைக் கேட்டபோது
எம்பாரெக் மறுத்துவிட்டான்.

நானூறாவதோ என்னவோ,
இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில்
அவன் பெயர்.
மனைவி அர்மேல், துலூஸிலிருந்து.

"உனக்கு வந்ததுதானே, பிரி."
"இன்னும் வந்து சேரவில்லையே."
ஒரு நத்தை ஓட்டை அதன்மேல் வைத்துவிட்டு
அடுத்த உறையை எடுத்தான்.

பதினொரு இரவு.
எம்பாரெக் அறிந்த உப்புக் கிணறு ஒன்று,
பிடித்த மீன், மூன்று சுற்றுத் தேநீர்.
காற்று எழும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்ப்பானாம்.
"எல்லாவற்றையும்தான் பார்த்தான்" என்கிறான் எம்பாரெக்.
"ஓரிடத்தில் கொஞ்சம் அதிக நேரம் குனிந்தான்."

கானரித் தீவு மீன்படகு ஒன்று
இருவரையும் சாக்குகளையும் அள்ளிக்கொண்டு வந்தது.
மாலையில் ஒப்படைத்தான்.
தாடி. உதடெல்லாம் வெடிப்பு.
'விபத்தால் தாமதம்' என்ற முத்திரையை
ஒவ்வோர் உறையிலும் குத்திக்கொண்டே போனேன்.
அந்தப் பெயரில் கை நின்றது.
"முசியே கெர்வெல்லா, இது உங்களுக்கு..."
"காலையில் வரிசையில் வருகிறேன்."

வந்தான்.
முன்னால் நிலக்கடலை வணிகர், இரண்டு சிப்பாய்கள்,
முதுகில் குழந்தை கட்டிய ஒருத்தி.
அவள் பணவிடைக்குச் சில்லறை தேடி
நான் எடுத்துக்கொண்ட நேரம் இன்றும் என்னை உறுத்துகிறது.

வாசற்படியில் உட்கார்ந்து படித்தான்.
ஒரே தாள்.
திரும்பி வந்து தந்திப் படிவம் கேட்டான்.
தந்தி எழுத்தரும் நான்தான், சொற்களை எண்ணியாக வேண்டும்:
கடிதம் இன்றுதான் கிடைத்தது இன்னும் இருக்கிறாயா.

ஐந்தாம் நாள் பதில் வந்தது,
அவளிடமிருந்து அல்ல, துலூஸ் அலுவலகத்திலிருந்து.
பெறுநர் முகவரியில் இல்லை.
கொடுக்க வேண்டியது என் வேலை. கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்,
வடக்கே போகும் சாக்குகளின் எடை என்ன என்று கேட்டான்.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்களைக் காத்த வீரன்
என்று எழுதின பத்திரிகைகள்.
ஐந்நூற்றுப் பதின்மூன்று.
எண்ணியவன் நான்.

பிறகு அவனைத் தென் அமெரிக்கத் தடத்துக்கு மாற்றினார்கள்.
மேலே போனால் பின்னோக்கித் தள்ளும் காற்றாம் அங்கே.
நத்தை ஓடு ஒன்று சாக்கின் மடிப்பில் கிடந்தது;
தபால்தலைகளோடு என் இழுப்பறையில் இருக்கிறது.
அதுதானா என்று கேட்காதீர்கள்.

நாலு வருடம் கழித்து ஓர் அட்டை.
பெயர் மறந்துவிட்டான் போல:
'இரண்டாம் ஜன்னல், தக்கார்.'
பின்புறம் இரண்டே வரி.
இங்கே காற்று அதிகம்.
கற்களும் நிறைய.

நிறுத்துப் பார்த்தேன், நாலு கிராம்.
சொன்ன நாளில் வந்து சேர்ந்திருந்தது.